பின்னடி வைக்கும் குதிரை

மாமல்லபுரம்
20 ஜனவரி

ஜெயா,

"வாளை உருவியவன், அதைத் திரும்ப வைக்க உறையைத் தேடி ஏழு நாடு அலைந்தான்."
— அடங்காப்பரியோன் விசயம், உறைவாள் சருக்கம்

மேற்கோளோடுதான் கடிதம் தொடங்க வேண்டும். நம் விதி. சண்டை என்றால் விதி செல்லாது என்று நீ சொல்லவில்லை. நீ எதுவுமே சொல்லவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டாய், அவ்வளவுதான். தபால்காரரைத் தடுக்க உன் போனில் பொத்தான் இல்லை. அதனால் இது.

உட்கார்ந்து படி.

இன்று மதியம் பட்டறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கருங்குழியில் புதிதாக வளைவு கட்டுகிறார்களாம். ஜிஎஸ்டி சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில். அதன் தூணில் பதிக்க ஒரு கல். என் வேலை உனக்குத் தெரியும். வருகிறவர்கள் வாசகம் தருவார்கள். நான் கம்ப்யூட்டரில் எழுத்தை அளவுக்கு அமைத்து அச்செடுத்துத் தருவேன். அதை ஒட்டிச் செதுக்குவார்கள். கல்லறைப் பெயர்கள், கோயில் உபயதாரர்கள், அடிக்கல்கள். தமிழ் எம்.ஏ. என்னை இங்கே கொண்டுவந்து விட்டது. புகார் இல்லை. என் எழுத்துகள் மழையில் நனைந்தும் அழியாதவை. எத்தனை எழுத்தாளனுக்கு வாய்க்கும்.

அவர்கள் தந்த தாளை வாங்கிப் பார்த்தேன்.

எப்பகை வரினும் முதுகு காட்டான்
— கருங்குழி ஆண்ட மாவீரன் அடங்காப்பரியோன்
கொளவாய்க் கிழார் கண்டெடுத்த ஏட்டிலிருந்து

முதலாளி ஹரிஹரன் கல் அறுக்கும் மெஷினையே நிறுத்திவிட்டு வந்தார். "இன்னா சாம், கஸ்டமரு நிக்கிறாங்க, சிரிச்சிகினுகீற?" தூசி, இருமல் என்றேன். எங்கள் பட்டறையில் எதற்கும் தூசி மேல் பழி போடலாம்.

ஜெயா, நம்முடைய வரி. செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் வேர்க்கடலை தின்றபடி நீ கட்டிய வரி. வீரன் சொன்னால் குதிரை கேட்கும், இளவரசி கேட்பாள், மலைகூட வழிவிடும் என்று எழுதிய கதைகளையெல்லாம் கிண்டல் செய்ய நாம் ஒரு வீரனைச் செய்தோம். அவன் குதிரை அவன் பேச்சைக் கேட்காது. அது எங்கே போய் நிற்கிறதோ, அங்கே வரத்தான் புறப்பட்டேன் என்பான். அவனுக்கு ஒரு பழைய ஏடு செய்தோம். ஏட்டுக்கு ஒரு பண்டிதர் செய்தோம். ரயில் ஜன்னலில் கொளவாய் ஏரி தெரிந்ததால் அவர் கொளவாய்க் கிழார் ஆனார். மேற்கோளைப் புனைவது நீ. வீரன் அதைத் தப்பாக நினைவுகூர்வான். அந்தத் தப்பு என் வேலை.

இப்போது தப்பும் நம் கையை விட்டுப் போய்விட்டது. முழுப் பாட்டு இது அல்லவா:

எப்பகை வரினும் முதுகு காட்டான்
அப்பரி பின்னடி வைத்தே ஓடும்

இரண்டாம் வரி அவர்களிடம் இல்லை. ஓடிப்போன குதிரையை விட்டுவிட்டு முதுகு காட்டாதவனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

திறப்பு பிப்ரவரி 23, ஞாயிறு. நான் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. பயமா சந்தோஷமா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தாளின் அடியில் விழாக்குழுத் தலைவர் என்று கையெழுத்து. செங்கல்வராயன். அது வேறு யாரோ என்று சொல்.

சாம்


செங்கல்பட்டு
24 ஜனவரி

சாம்,

மேற்கோள் இல்லை.

வேறு செங்கல்வராயன் இல்லை. என் நைனாதான்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல வாயில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நம் கதை வந்த அந்தச் சிற்றிதழ் என் பையில் இருந்தது. நைனா எதையும் படிக்கிறவர் இல்லை. ஆனால் அச்சில் கருங்குழி என்று இருந்தால் யாருக்கும் கண் நிற்கும். "நம்மூரு பேரு போட்டுக்கீது பாப்பா." நின்றபடியே ஒரு பக்கம் படித்தார். அந்தப் பக்கத்தின் கடைசி வரி, எப்பகை வரினும். அப்பரி அடுத்த பக்கத்தில். அவர் புரட்டவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் வரியை எழுதிக்கொண்டார்.

லாரிகளை விற்ற பிறகு அவர் பகல் முழுக்க லுங்கியோடு டி.வி. முன்னால் இருந்தார். இப்போது தினமும் சவரம் செய்கிறார். வருகிறவர்களிடம் சொல்கிறார்: "எங்க வகையறா ஆளு. எந்தச் சண்டையிலயும் முதுகு காட்டல. கிழாரே எழுதிக்கீறாரு." ஆதாரம் என்ன என்றேன். தாத்தாவிடம் குதிரைவண்டி இருந்ததாம்.

தமிழ்வாணன் அங்கிள் ஒப்பவில்லை. உனக்குத் தெரியும், மேடைப் பேச்சாளர், சுற்று வட்டாரத்தில் எந்தக் கூட்டமானாலும் மைக் அவர் கையில். அவர் வகையறாதான் அடங்காப்பரியோன் வம்சமாம். அவர் வீட்டில் வாள் இருக்கிறது. கூத்துக்கு வாங்கிய தகர வாள். எங்கள் ஊரே பத்து நாளாக இல்லாத ஒருவனுக்குப் பேரனாகச் சண்டை போடுகிறது.

இதில் நீ சிரிக்கிறாய்.

கருங்குழி என்று நான் எழுதவில்லை. "ஓர் ஊர்" என்றுதான் எழுதினேன். என்னிடம் காட்டாமல் இதழுக்கு அனுப்பினாய். அனுப்பும் முன் என் ஊரின் பெயரைச் செருகினாய். என்னைச் சீண்ட. அதற்காகத்தான் உன்னோடு பேச்சை விட்டேன்.

நான் எழுதுவது நைனாவுக்குத் தெரியாது. கல் திறந்த பிறகு எவனாவது அடுத்த பக்கத்தைப் புரட்டுவான். அப்போது பெற்ற பெண்ணே அப்பனை ஊர்முன் கோமாளி ஆக்கினாள் என்று ஆகும். கல் ஏறுவதற்குள் நானே அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடி லுங்கி, டி.வி.

கல்லைத் தாமதப்படுத்து. வேறெதுவும் செய்யாதே.

ஜெயப்பிரியா


மாமல்லபுரம்
28 ஜனவரி

ஜெயப்பிரியா,

(முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டாய். நானும் முழுப் பெயரில் கூப்பிடுகிறேன்.)

"இளவரசியைச் சிறை மீட்கச் சென்றான். சிறை வசதியாக இருந்தது. தங்கினான்."
— சிறைமீட்சிச் சருக்கம்

தாமதப்படுத்திவிட்டேன். கறுப்புக் கல் வர வேண்டும், கிருஷ்ணகிரியிலிருந்து லாரி வரவில்லை என்று ஹரிஹரனிடம் சொன்னேன். லாரி வந்து பட்டறைக்குப் பின்னால் கல் இறங்கிக் கிடக்கிறது. மேலே சாக்கு போட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று பேர் முன்னால் படித்தேன், அம்மாவும் அதில் ஒருத்தி. அவள் கேட்டாள்: "பக்கத்துல கீற ஊருக்கு லெட்டரா? போன்ல பேசினா வாய் தேஞ்சுடுமா அந்தப் பொண்ணுக்கு?" நல்லவேளை அவளுக்கு உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை.

உன்னைச் சீண்டவே கருங்குழி என்று போட்டேன் என்கிறாய். "என் ஊரின் பெயர்" என்கிறாய்.

என் அம்மா பிறந்த ஊரும் அதுதான்.

வளைவு நிற்கப்போகிற அதே சாலை. முதலில் உங்கள் தெருக்கள். கடைசியில், ஏரிக்கரைப் பக்கம், காலனி. அந்தச் சாலையில் நடந்துதான் அவள் பள்ளிக்குப் போனாள். திருவிடந்தைக்கு அவளைக் கட்டிக்கொடுத்து இத்தனை வருடம் ஆகிறது. யார் எந்த ஊர் என்று கேட்டாலும் கருங்குழி என்பாள். அதற்குப் பிறகு, கருங்குழியில் எங்கே என்று கேட்பார்கள். அவள் பேச்சை மாற்றுவாள்.

அந்த ஊருக்கு ஒரு வீரன் வேண்டும் என்றால், குதிரை பேச்சு கேட்காத, எந்த வகையறாவும் இல்லாத ஒருவன் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதனால் பெயரைப் போட்டேன். உன்னைக் கேட்காதது தப்பு. பெயர் போட்டது தப்பில்லை. அந்த ஊரைப் பற்றிப் பொய் சொல்ல உனக்கு மட்டும்தான் உரிமையா?

பார், இப்போது அவனுக்கும் வகையறா வந்துவிட்டது. இரண்டு.

கோபமாக இருக்கிறேன். ஆனால் இதை எழுதும்போதே உள்ளே எதுவோ துள்ளுகிறது. நாம் செய்த ஒருவன் எழுந்து நடக்கிறான், ஜெயா. நம்மைக் கேட்காமல்.

அப்பாவிடம் சொல். சாக்கு எத்தனை நாள் மறைக்கும்.

சாம்


செங்கல்பட்டு
6 பிப்ரவரி

சாம்,

"உண்மை பேசுவேன் என்று சபதம் செய்தவன், அன்று முதல் ஊமையானான்."
— சபதச் சருக்கம் (இப்போது செய்தது)

உன் கடிதத்தின் நடுப்பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் எல்லாம் சமாதானம் மாதிரி வருகிறது. அதனால் எழுதவில்லை. நான் "எங்கள் ஊர்" என்று சொல்லும்போது அந்த "எங்கள்" எங்கே முடிகிறது என்று நான் பார்த்ததே இல்லை. இவ்வளவுதான் இப்போது சொல்லத் தெரிகிறது.

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. நைனா பீரோ கண்ணாடி முன்னால் நின்று திறப்புவிழாப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். இதழைக் கையில் கொடுத்தேன். பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன். விரல் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இது இன்னா, குதிரை பின்னால ஓடுது?"

காமெடி என்றேன்.

"கிழாரு காமெடி எழுதுவாரா?"

கிழார் என்று யாரும் இல்லை, பாதி நான்தான் என்றேன். மீதி யார் என்றார். மேரி அக்கா மகன் சாம் என்றேன்.

"காலனியிலருந்து திருவிடந்தைக்குப் போச்சே, அந்த மேரியா?"

ஆமாம்.

இதழை நீளவாட்டில் மடித்தார். மறுபடி மடித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. அவர் கேட்டது வேறு.

"குதிரையாவது நெஜமா பாப்பா?"

இல்லை நைனா என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா, இன்னா குதிரை என்றாள்.

மறுநாள் காலை அவர் சவரம் செய்யவில்லை. நான் பஸ் ஏறினேன். படாளம் வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். இன்று அம்மா போன் செய்தாள். நேற்று விழாக்குழு கூடியதாம். நைனா எழுந்து, நல்லா யோசித்துப் பார்த்தேன், அடங்காப்பரியோன் தமிழ்வாணன் அண்ணன் வகையறாதான், வாள் அங்கேதான் இருக்கிறது, எங்களிடம் இருந்தது வெறும் வண்டி, திறப்பையும் அவரே செய்யட்டும் என்றாராம். எல்லாரும் கைதட்டினார்களாம். தமிழ்வாணன் அங்கிள் கட்டிப்பிடித்து அழுதாராம்.

வீட்டுக்கு வந்து, சாயங்காலத்தில், நைனா சவரம் செய்துகொண்டாராம்.

எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா?

ஜெயா


மாமல்லபுரம்
11 பிப்ரவரி

ஜெயா,

மேற்கோள் கடைசியில்.

புரிந்துவிட்டது. இன்று அவரே வந்தார்.

பைக்கைப் பிள்ளையார் சிலை வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, மழமழ கன்னம். ஹரிஹரனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"நீதான் மேரி மவனா?"

ஆமாங்க என்றேன். எழுந்து நின்றேன். அடி விழும் என்று ஒரு தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மா நல்லா இருக்காங்களா என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து உன் இதழ். நான்கு மடிப்பு. விரித்து, இரண்டாம் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தார்.

"இத்தையும் சேத்து வெட்டு. முழுப் பாட்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஜெயா. மயக்கம் வந்தது. திறந்து வைப்பவர் யார் என்று தெரிந்தே கேட்டேன். தமிழ்வாணன் அண்ணன் என்றார். கல்லில் அவர் வம்சம் என்று போட வேண்டும், பெயர் பெரிசாக இருக்கட்டும் என்றார். அவர் முன்கூட்டியே வந்து பார்த்தால்? என்றேன்.

"அவரு எதையும் படிக்க மாட்டாரு தம்பி. பேசத்தான் பேசுவாரு."

போகும்போது திரும்பினார். இருவது வருசமா அந்த ஆளு மேடையில என்னிய லாரிக்காரன், லாரிக்காரன்னு சொல்லிகினுகீறாரு, என்றார். குறை சொன்ன மாதிரி இல்லை. கணக்கைத் தீர்த்த மாதிரியும் இல்லை. சும்மா தெரியப்படுத்திய மாதிரி.

சாக்கை எடுத்துவிட்டேன். இரண்டு வரியையும் அச்செடுத்தேன். ஞானதாஸ் அண்ணன் உளியோடு உட்கார்ந்திருக்கிறார். "அப்பரி"யில் அ முடிந்தது.

நம் கிண்டலை உன் அப்பா நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். பாட்டை ஏமாந்து படித்தவர், ஏமாற்றும் இடம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும். தூக்கம் வரவில்லை.

"அவனுக்கு எதிரிகள் இல்லை. அண்டைவீட்டார் இருந்தனர்."
— போர்ச் சருக்கம்

சாம்


செங்கல்பட்டு
15 பிப்ரவரி

சாம்,

இரண்டாம் வரியை நிறுத்து.

நானும் முதலில் சிரித்தேன். ஹாஸ்டலில் கட்டிலில் புரண்டு சிரித்தேன். அறைத்தோழி ஜாய்ஸ் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தமிழ்வாணன் அங்கிள் முகம் ஞாபகம் வந்தது. புத்தகத்தில் நாம் சிரிக்கிற ஆள் காகிதம். இவருக்கு முழங்கால் வலி. மைக் கையில் இருந்தால் மட்டும்தான் நேராக நிற்பார். அந்த மைக்கை வைத்தே அவரை விழவைக்கப் போகிறோம். ஊர் முன்னால், அவர் வாயாலேயே.

நைனா அவமானப்படக்கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். அதே இடத்தில் வேறு ஆளை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்கிறாயா?

இன்னொன்று. அவர் விழுந்தால் சும்மா இருக்க மாட்டார். கிழார் யார் என்று தேடுவார். உன் பட்டறைக்கு வருவார். காலனிப் பையன் ஊரைக் கேலி செய்தான் என்று அதை மாற்றுவார்கள். அந்த வாக்கியம் எனக்கு இப்போதே கேட்கிறது. நைனா அப்போது என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பயம்.

ஜெயா


மாமல்லபுரம்
18 பிப்ரவரி

ஜெயா,

கல் முடிந்துவிட்டது. உன் கடிதம் ஒரு நாள் தாமதம். கல்லில் அழிக்கும் பொத்தான் கிடையாது. புதுக்கல் வாங்க வேண்டும், ஹரிஹரனிடம் காரணம் சொல்ல வேண்டும். தூசி என்று சொல்ல முடியாது.

நீ சொன்னது சரி. உன் கடைசிப் பத்தியில் இருப்பதை முன்பே நினைக்காமலா நான் எழுத்தை அமைத்தேன்? நினைத்தேன். அதனால்தான் எழுத்துகளைச் சின்னதாக்காமல் முழு அளவில் வைத்தேன். வந்தால் வரட்டும் என்று. அது தைரியமா திமிரா என்று தெரியாது.

கல்லை 22ஆம் தேதி இரவுக்குள் பதித்துத் துணி மூடிவிடுவார்கள்.

மேற்கோள் எதுவும் வரவில்லை. முதல்முறை.

சாம்


செங்கல்பட்டு
24 பிப்ரவரி

சாம்,

கை வேகத்துக்கு எழுத்து வரவில்லை. கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வளைவுக்கு வெளியே, ஜிஎஸ்டி பக்கம் மேடை. சீரியல் பல்பு, செண்டை மேளம், பன்னீர் தெளிக்க இரண்டு பேர். நான் பெண்கள் வரிசையில். நைனா மேடையில், தமிழ்வாணன் அங்கிளுக்குப் பக்கத்தில். லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. அங்கிள் கல்லை மூடிய துணியை இழுத்தார். கல் பளபளவென்று இருந்தது. உன் எழுத்து அழகாக இருந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

கல்லை வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். முதல் வரியைச் சிங்கம் மாதிரி படித்தார். அந்த வேகத்திலேயே இரண்டாம் வரிக்குள் போனார். "அப்பரி பின்னடி"யில் குரலுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. இறக்கத்தில் வண்டி மாதிரி. "வைத்தே ஓடும்" என்று முடித்தார்.

பிறகு பைக் நிறுத்திய இடத்தில் ஒருவன் சிரித்தான். பக்கத்தில் ஒருவன். அப்புறம் எல்லாரும். என் பக்கத்துப் பெண் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். நான் நைனாவைப் பார்த்தேன். இருபது வருடமாகக் காத்திருந்தது வந்துவிட்டது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்வாணன் அங்கிள் மைக்கை விரலால் தட்டினார். டொக், டொக்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. மூணாவது வரி தெரியாதவன் சிரிக்கத்தான் செய்வான். கல்லுல எடம் பத்தல, வுட்டுட்டாங்க."

கண்ணை மூடினார். ஞாபகத்திலிருந்து எடுக்கிற மாதிரி, நெற்றியைச் சுருக்கினார்.

"இப்புறம் வந்தும் அப்புறம் பார்க்கும்."

சாம், எனக்கு ரோமம் நின்றது.

ஓடுகிற குதிரை வீட்டைப் பார்த்து ஓடும், இது எதிரியைப் பார்த்துகினே வீடு வந்து சேர்ந்தது, இப்ப யாரு யாருக்குப் பயந்தான்னு நீங்களே சொல்லுங்க, என்றார். விசில் பறந்தது. சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் வேறு சிரிப்பாக மாறிவிட்டது. முதலில் கைதட்டியது நைனா. அது அவர் திட்டத்தில் இருந்திருக்காது.

இறங்கி வந்தவரிடம் போய்க் கேட்டேன், எந்த நூல் அங்கிள் என்று.

"பழம்பாட்டு பாப்பா. எங்க நைனா ஏர் ஓட்டும்போது பாடுவாரு." கண் இமைக்கவில்லை. "சந்தேகம்னா கொளவாய்க் கிழாரைக் கேளேன். அவருக்குத் தெரியாததா?"

தோளில் தட்டிவிட்டுப் போனார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இதை எழுதும்வரை எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நைனா சொன்னார்: "தோத்துட்டோம் பாப்பா." கொஞ்சம் கழித்து, சாவியை ஆணியில் மாட்டும்போது: "அந்த மூணாவது வரிய ஏன் நீங்க எழுதல?"

நம்மிடம் இருக்கும் எல்லாத் தாள்களையும் தேடினேன். என்னுடையது இல்லை. உன்னுடையதா? நாம் ஒரு வருடமாகக் கிண்டலுக்கு மேற்கோள் செய்தோம். அவர் ஒரு மூச்சில் செய்தார், மானத்துக்கு. அவருடையதுதான் பாட்டாக இருக்கிறது.

நீ வந்திருந்தாயா? ஒரு கணம் தோன்றியது.

ஜெயா


மாமல்லபுரம்
26 பிப்ரவரி

ஜெயா,

"இப்புறம் வந்தும் அப்புறம் பார்க்கும்."
— தமிழ்வாணன், கருங்குழி வளைவுத் திறப்பு

நம் புத்தகத்தின் முதல் உண்மையான மேற்கோள். என்னுடையது இல்லை. எழுதியிருந்தால் இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

வந்திருந்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் மேடைப் பக்கம் நிற்கவில்லை. கூட்டத்தின் ஓரமாகவே நடந்து வளைவைத் தாண்டி உள்ளே போனாள், மாமா வீட்டுக்காரர்கள் நின்ற இடத்துக்கு. நானும் போனேன். அங்கிருந்து கல் தெரியாது. தூணின் முதுகு மட்டும். அதில் இன்னும் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. நான் அமைத்த எழுத்தை நான் பார்க்கவே இல்லை. சிரிப்பு கேட்டது. பிறகு டொக், டொக். பிறகு அந்த வரி. பிறகு கைதட்டல்.

அம்மாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இன்னாடா சொன்னாரு என்றாள். சொன்னேன். தலையாட்டினாள். திரும்பிப் போகும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்:

"அப்புறம் போயும் இப்புறம் பாக்கும்."

தப்பு, மாற்றிச் சொல்கிறாய் என்று திருத்த வாய் எடுத்தேன். மூடிக்கொண்டேன்.

கடைசி அத்தியாயத்தில் நம் வீரன் அந்த வரியை இப்படித்தான் நினைவுகூர்வான். தப்பு என் வேலை என்று வைத்திருந்தோம். இந்தத் தப்பு அம்மாவுடையது. அவள் பெயரையும் போட வேண்டும். கருங்குழி மேரி. எங்கே என்று யாரும் கேட்காத மாதிரி, அவ்வளவுதான் போட வேண்டும்.

கைதட்டல் நடக்கும்போது இரண்டு தூணுக்கும் நடுவே நீ தெரிந்தாய். எல்லாரும் மேடையைப் பார்த்தபோது நீ திரும்பி உள்பக்கம் பார்த்தாய். என்னையா, சாலையையா என்று தெரியவில்லை. எதுவானாலும் சரி.

எண்ணைத் திறக்க வேண்டாம். ஞாயிறு காலை செங்கல்பட்டு பிளாட்பாரத்துக்கு வருகிறேன், ஏரி தெரிகிற கோடிக்கு. வேர்க்கடலை நீ வாங்கு.

சாம்